வடக்கு ஜன்னலில் நின்றவர்

வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, "நீங்க பார்த்தீங்களா மேடம், இல்ல எவனாவது சொன்னானா?" என்று கேட்பார். புடவைத் தலைப்பு நனைந்து, குடையை மடக்கிக்கொண்டு எதிரே நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? எரிச்சலாக வரும். ஆனால் பதில் சொல்லாமல் நகர முடியாது. "பார்த்தேன், நனைஞ்சேன், போதுமா பாய்?" என்றால்தான் விடுவார்.

ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த தோல் கம்பெனியில் அவர் கலர் பார்க்கிறவர். நான் லேபில் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். பதனிட்ட தோலுக்கு நிறம் ஏற்றி ஷூ செய்கிறவர்களுக்கு அனுப்புவது எங்கள் தொழில். வெளிநாட்டிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுத் தோல் வரும், இதே நிறம் வேண்டும் என்று. பாய் அந்தத் துண்டை வடக்குப் பக்க ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, எந்தச் சாயம் எத்தனை பங்கு என்று சொல்வார். ஏன் வடக்கு என்றால் அந்தப் பக்கம் வெயில் நேராக விழாது, காலையிலிருந்து மாலைவரை வெளிச்சம் அதிகம் மாறாது. அவர் சொன்ன பங்கில் செல்வி சாயத்தை நிறுத்துக் கலக்குவாள். ஸ்பிரே ஆகி வந்த தோலை அவர் மறுபடி பார்த்து, ஷேட் கார்டு என்கிற நிற அட்டையில் கையெழுத்துப் போடுவார். அதற்குக் கீழே என் கையெழுத்து. இரண்டும் இருந்தால்தான் லாரி கிளம்பும்.

கம்பெனியில் பாதிப் பேர் பாய்கள்தான். இருந்தாலும் "பாயைக் கூப்பிடு" என்றால் ஆள் நேராகக் கலர் செக்‌ஷனுக்குத்தான் போகும். என்னைவிட ஒரு வயது சின்னவர். ஒல்லி, நெட்டை. நாள் முழுக்கச் சாயத்துக்கு நடுவில் நின்றும் அவர் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு ஒட்டாது. எனக்கு லேபில் உட்கார்ந்த இடத்திலேயே புடவை பாழாகும். அந்தச் சட்டையைப் பார்த்தாலே பொறாமையாக இருக்கும்.

சின்ன வயதில் அவருக்குக் காலையில் மதரஸாவில் அரபி, பகலில் உருதுப் பள்ளிக்கூடம், அதன்பிறகு வாணியம்பாடியில் இரண்டு வருஷம் பிஸிக்ஸ். மூன்றாம் வருஷம் அப்பா தவறிப்போய்ப் படிப்பு நின்றது. நின்ற இடத்திலிருந்து தானாகவே படித்துக்கொண்டு போனார். எதைப் படித்தார் என்றால், பழைய அரபு விஞ்ஞானிகளை. பாக்தாதில் உட்கார்ந்து கிரேக்கப் புத்தகங்களை அரபியில் பெயர்த்தவர்கள், நட்சத்திரங்களுக்குப் பட்டியல் போட்டவர்கள், கண்ணின் படலங்களை ஒவ்வொன்றாக வரைந்து வைத்த வைத்தியர்கள், எல்லோரும் அவருக்குப் பக்கத்துத் தெரு மனிதர்கள். அவர்களில் ஒருவர் மட்டும் ரொம்ப நெருங்கிய சொந்தம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் இறந்த அறிஞர். பெயர் நீளமானது, எங்கள் வாயில் நுழையவில்லை. செக்‌ஷனில் அவர் 'கெய்ரோக்காரர்' ஆகிவிட்டார்.

"உங்க கெய்ரோக்காரர் இன்னா சொல்றாரு பாய்?" என்று டீ நேரத்தில் யாராவது சீண்டுவார்கள். அவருக்கு அது போதும்.

நான் படித்த பாடப்புத்தகத்தில் ஒளியைப் பற்றிய பாடம் ஐரோப்பாவில்தான் ஆரம்பித்தது. அதைச் சொல்லி ஒருநாள் அவரை வம்புக்கு இழுத்தேன். "ஊர்ப்பெருமை பேசாதீங்க பாய். அந்தக் காலத்துல எவரு லேப் வெச்சிருந்தாரு?"

அவர் சண்டை போடவில்லை. "வாங்க" என்றார். கெமிக்கல் ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஸ்டோருக்கு ஜன்னல் கிடையாது. தகரக் கதவில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று உண்டு. கதவைச் சாத்தினார். கண் பழக ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு எதிர்ச் சுவரில், சுண்ணாம்பு அடித்த இடத்தில், வெளி முற்றம் தெரிந்தது. தலைகீழாக. லாரி சக்கரங்களை மேலே வைத்துக்கொண்டு நின்றது. கையில் கேனோடு ஒரு பெண் தலைகீழாக நடந்து போனாள்.

"செல்வியா அது?"

"செல்விதான். கண்ணுலேருந்து வெளிச்சம் கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுதுன்னு பெரிய பெரிய ஆளுங்க எழுதி வெச்சிருந்தாங்க மேடம். இவரு நம்பல. இருட்டு ரூம், ஒரு ஓட்டை, வெளிய வரிசையா விளக்கு. ஒவ்வொண்ணா மூடிப் பார்த்தாரு. வெளிச்சம் பொருள்லேருந்துதான் நம்ம கிட்ட வருதுன்னு காட்டினாரு. அவருக்கு இதான் லேபு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வீம்பாக நின்றேன். அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன், உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். நாங்கள் தட்டியது கம்ப்ரஸர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. போன் இரண்டு பேருடையதும் மேசையில். ஃபார்மலின் நெடியில் எனக்கு மூச்சு முட்டியது. நான் கதவை இடித்துக்கொண்டிருக்க, அவர் ஒரு டிரம்மின் மேல் சாய்ந்துகொண்டு கதை சொல்கிறார்!

"கெய்ரோக்காரரும் உள்ளதான் மேடம் மாட்டிக்கினாரு. நைல் நதியை அடக்கிக் காட்டறேன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டாரு. அந்த ஊரு ராஜா கூப்ட்டு அனுப்பிட்டாரு. போய்ப் பார்த்தா ஆவற வேலை இல்ல. ராஜாவோ கோபக்காரரு. தலை போயிடும். இன்னா பண்ணாரு? பைத்தியம் மாதிரி நடிச்சாரு. வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. வருஷக்கணக்கா."

"அப்புறம்?" என்றேன், இடிப்பதை நிறுத்தாமல்.

"ராஜா செத்தாரு. பைத்தியம் தெளிஞ்சிடுச்சு. வெளிச்சத்தப் பத்தி எழுதினது உள்ள இருந்தப்போதான்னு சொல்றாங்க. நெசமான்னு தெரியல. நான் பார்க்கல."

கால்மணி நேரம் கழித்துச் செல்விதான் வந்து திறந்தாள். அப்போது எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

முதலாளி அப்போதுதான் அப்பாவிடமிருந்து பொறுப்பை எடுத்திருந்தார். முப்பத்தைந்து வயது, கெட்டிக்காரர். நிறத்தை அளக்க ஒரு மெஷின் வாங்கினார். முதல் மாதமே ஒரு பிரவுன் தோலில் மெஷினும் பாயும் முட்டிக்கொண்டார்கள். மெஷின் சரி என்றது. பாய், "சிவப்பு ஒரு நூல் ஜாஸ்தி" என்றார். மெஷின் பேச்சைக் கேட்டு அனுப்பினார்கள். சிவப்பு ஜாஸ்தி என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். அன்றைக்கே முதலாளி மெஷினுக்கு உறை போட்டு, அதற்குமேல் காலண்டரையும் சாய்த்து வைத்தார். வருகிறவர்களிடம் எல்லாம், "மெஷின் பொய் சொல்லும். எங்க பாய் கண்ணு சொல்லாது" என்று சொல்லுவார். நாங்களும் கைதட்டினோம். நானும்தான்.

இதெல்லாம் நடந்து இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு கலர்த் தாள்கள் வந்தன. பழக்கூடைக்குச் சுற்றுவார்களே, அந்தப் பளபளப்பான கண்ணாடித் தாள். நீலம், சிவப்பு, மஞ்சள். அவற்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தோலைப் பார்க்க ஆரம்பித்தார். கேட்டால், கெய்ரோக்காரர் வழி என்றார். ஸ்பிரே செக்‌ஷனில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாய்க்கு முத்திடுச்சு" என்றார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. முன்பெல்லாம் யாராவது கேட்டால்தான் கெய்ரோக்காரர் பேச்சு வரும். இப்போது யாராவது ஒரு துண்டுத் தோலோடு ஜன்னல் பக்கம் வந்தாலே ஆரம்பித்துவிடுகிறார். வந்தவன் சிரிக்கிறான், அல்லது சலித்துக்கொண்டு துண்டை வைத்துவிட்டுப் போகிறான். யாரும் அவர் பக்கத்தில் நின்று கூடச் சேர்ந்து பார்ப்பதில்லை. அது போக, அவர் மேசையில் இருந்த மாதிரித் துண்டுகளின் பின்பக்கம் பேனாவால் புள்ளி வைத்திருந்தது. நேவி ப்ளூவுக்கு ஒன்று, கரும்பச்சைக்கு இரண்டு.

எனக்குக் குணம் போதாது. சந்தேகம் வந்தால் கேட்க மாட்டேன், பொறி வைப்பேன். அவர் தொழுகைக்குப் போன நேரம் அந்த இரண்டு துண்டுகளிலும் புள்ளிகளைச் சுரண்டி மாற்றிப் போட்டேன். அவர் வந்ததும், "பாய், இதுல நேவி எடுங்க, ஒரு டெஸ்ட் போடணும்" என்றேன்.

இரண்டையும் திருப்பிப் பார்த்தார். எடுத்து நீட்டினார். என் கையில் இருந்தது கரும்பச்சை. சின்னக் குழந்தைகூடப் பச்சை என்று சொல்லும் பச்சை.

வாங்கிக்கொண்டு நகராமல் நின்றேன், அவ்வளவுதான். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மாத்தி வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"நல்ல டெஸ்ட்டு" என்றார். "நானா இருந்தாலும் இப்படித்தான் வெச்சிருப்பேன்." பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஜன்னல் பக்கத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

சர்க்கரை. கண்ணுக்குள் இருக்கிற ரத்தக் குழாய்கள் கெட்டுப்போயிருந்தன. வேலூருக்குப் போய் லேசர் வைத்துக்கொண்டிருந்தார். இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். நடக்கலாம், ஆள் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். நீலமும் பச்சையும் மட்டும் ஒன்றாகிவிட்டன. அடர்த்தியான நிறமெல்லாம் கறுப்பாகிவிட்டது. டாக்டர் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரியும். வாராவாரம் துண்டுகளைக் கலைத்துப் போட்டுத் தன்னையே சோதித்து ஒரு நோட்டில் எழுதியிருந்தார். அதைக் காட்டினார். சரிக்குப் போட்ட டிக்குகள் பக்கத்துக்குப் பக்கம் குறைந்துகொண்டே வந்தன. தன் கண் கெட்டுப்போவதை இவ்வளவு சுத்தமான கையெழுத்தில் எழுதி வைத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"கண்புரையா இருந்தா சுலபம் மேடம். அந்தக் காலத்துலயே குழல் ஊசி விட்டு உறிஞ்சி எடுத்திருக்காங்க. நம்மளுது அது இல்லியே."

"இந்தக் கலர்த் தாளு?"

"உதவுது. நீலத் தாள் வழியா பார்த்தா நீலம் கொஞ்சம் வெளுக்கும், பச்சை இருண்டுபோவும். நிறம் தெரியாட்டியும் அந்த வெளுப்பு தெரியும். நல்ல வெளிச்சம் வேணும், அவ்ளோதான்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கிறுக்குன்னு பேர் எடுத்துட்டா அதுல ஒரு வசதி மேடம். ஏன் பேப்பர் வெச்சுப் பாக்கறேன்னு எவனும் கேக்க மாட்டான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெய்ரோக்காரர் உயிர் தப்ப நடித்தார், இவர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நடிக்கிறார். இத்தனை நாள் நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் இவர் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொண்ட சுவர்.

"பொண்ணுக்குக் கடைசி வருஷம். ஆறு மாசம் குடுங்க. அவ வேலைக்குப் போனதும் நானே மொதலாளி கிட்ட சொல்லிடறேன்."

நான் சரி என்றேன். ஏன் என்றால், எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அன்றிலிருந்து நான்தான் அவர் கண். அவர் தோலைத் தூக்கிப் பிடித்துக் கலர்த் தாளை வைத்து ஆட்டம் காட்டுவார். நான் பக்கத்தில் ரிப்போர்ட் எழுதுகிறவள் மாதிரி நிற்பேன். நீலம் கூட வேண்டுமென்றால் பேனாவால் அட்டையில் ஒரு தட்டு, பச்சை தூக்கலாக இருந்தால் இரண்டு, சரியாக இருந்தால் பேனாவை மூடுவேன். அவர் சத்தமாகச் செல்விக்குப் பங்கு சொல்வார். பிரவுன், சிவப்பு எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். எனக்கு அவர் அளவுக்கு நுணுக்கம் கிடையாது. என் கண்ணும் அவர் அனுபவமும் சேர்ந்து ஒரு ஆள் வேலையைச் செய்தன. தப்பில்லாமல்தான் போயிற்று. ஆனால் நான் லீவு எடுக்க முடியாமல் போயிற்று. காய்ச்சலோடு வந்திருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமைகூட அரை நாள் வந்து நின்றிருக்கிறேன். வீட்டில், "அந்தக் கம்பெனிய உன் பேருக்கு எழுதி வெச்சிட்டாங்களா?" என்று கேட்டார்கள்.

ஆறு மாதம் ஆயிற்று. பெண் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தார். முதலாளி அறைக்குப் போனார். நான் கையில் ரிப்போர்ட்டோடு வாசலில் நின்றேன்.

"எனக்கு நீலம் தெரியல மொதலாளி."

முதலாளி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "உங்க கெய்ரோக்காரருக்குத் தெரியுதா பாய்?"

"நெசமாத்தான் சொல்றேன். கண்ணு போச்சு."

"சம்பளம் பத்தலன்னா நேரா கேளுங்க. இன்னாத்துக்கு டிராமா?" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அடுத்த வாரம் வெளிநாட்டுலேருந்து வர்றாங்க. உங்க கண்ணச் சொல்லித்தான் அவங்கள வரவழைக்கறேன். இந்த மாதிரி வெளையாட்டு வெளிய பேசாதீங்க பாய். கம்பெனி பேர் கெட்டுடும்."

அவருக்கு நம்ப இஷ்டமில்லை. நம்பினால் அந்த உறையைக் கழற்ற வேண்டும், ஊரெல்லாம் சொன்ன பெருமையைத் திரும்ப எடுக்க வேண்டும். பாய் வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னார். "ராஜா நல்லாத்தான் இருக்காரு மேடம். ஜிம்முக்கு வேற போறாரு."

நான் சிரித்துவிட்டேன். லேபுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு பயம் வந்தது. பொய் சொல்லி உள்ளே போனவரால் உண்மையைச் சொல்லியும் வெளியே வர முடியவில்லை. அவர் மட்டுமா? கீழே கையெழுத்துப் போடுகிறவள் நான்.

அந்த வருஷம் கம்பெனியில் எல்லோரும் அமிர்திக்குச் சுற்றுலா போனோம். காட்டு நீர்வீழ்ச்சியில் தண்ணீர் பேருக்குத்தான் விழுந்தது. அங்கே இருக்கிற சின்ன மிருகக்காட்சிசாலையில் மயில் கூண்டுக்கு முன்னால் பாய் நின்றவர் நகரவே இல்லை. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"கழுத்து எப்படி இருக்கு மேடம்?"

"நீலம். இப்போ திரும்புது, இந்தப் பக்கம் கொஞ்சம் பச்சை அடிக்குது."

"எவ்ளோ தூரம் வரைக்கும் பச்சை?"

சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டார். இறகு அசையும்போது நிறம் நகர்வதை நான் சொல்லச் சொல்ல, விரலால் காற்றில் அளந்துகொண்டார். "எனக்கு சாம்பலா இருக்கு. கண்ணு நல்லா இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட மயில உக்காந்து பார்க்கல. தோலத்தான் பார்த்தேன்" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்கடுத்த வருஷம் ஒரு லாரி நேவித் தோலுக்கு ஆர்டர் வந்தது. என் மகனுக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரண்டு நாள் நான் வரவில்லை. அந்த இரண்டு நாளும் அடைமழை. ஆர்டர் அவசரம். வடக்கு ஜன்னலில் வெளிச்சமே இல்லை. அவர் தோலை ட்யூப் லைட்டுக்கு அடியில் வைத்து நீலத் தாளில் பார்த்திருக்கிறார். வெளுப்பு சரியாக இருக்கிற மாதிரி பட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் நான் வந்தபோது லாரி நின்றுகொண்டிருந்தது. கார்டை நீட்டினார்கள். மேலே அவர் கையெழுத்து இருந்தது. நான் தோலைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் தூங்காத அலுப்பு, ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போகிற அவசரம். நான் பார்க்கவில்லை. பார்க்காமல் போட்டேன்.

லாரி திரும்பி வந்தது. நேவி என்று போன தோல், வெயிலில் வைத்ததும் பச்சை அடித்தது. முதலாளி எங்கள் எல்லோரையும் வடக்கு ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். ஷேட் கார்டைக் கையில் வைத்திருந்தார்.

"ரெண்டு கையெழுத்து இருக்கு. பாய் கண்ணு தப்பாது. மேடம் பதினெட்டு வருஷமா இருக்காங்க. அப்போ மிக்ஸிங்தான் தப்பு. செல்வி, நாளைலேருந்து நீ வர வேணாம்."

செல்வி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பேர்ணாம்பட்டிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருகிறவள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டில் இருக்கிறாள். சாயத்தை நிறுக்கும்போது பக்கத்தில் யாரும் பேசினால்கூடக் கோபித்துக்கொள்வாள். "நான் சரியாத்தான் சார் நிறுத்தேன். மேடம், நீங்க சொல்லுங்க மேடம்" என்றாள். நான் தரையைப் பார்த்தேன்.

"செல்வி மேல தப்பில்ல மொதலாளி" என்றார் பாய். "நான் பார்த்ததுதான் தப்பு."

"அவளக் காப்பாத்த நீங்க பழி ஏத்துக்காதீங்க பாய்."

"நான் முன்னாடியே சொன்னேன். எனக்கு நீலம் தெரியாது."

"மறுபடி ஆரம்பிக்காதீங்க." முதலாளிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பாய் கோபப்படவில்லை.

"நான் சொல்றத நம்ப வேணாம். நீங்களே பாருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், ஆறு துண்டு வைங்க. கஷ்டமானதா பார்த்து வைங்க. பின்னால புள்ளி இல்லாததா."

நான் மாதிரிப் பெட்டியைத் திறந்தேன். இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன் என்று நினைக்கிறேன். சிவப்பு, வெள்ளை, பிரவுன் என்று அவருக்குத் தெரிகிற நிறமாக வைத்தால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவார். முதலாளிக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதி. செல்வி மட்டும் போவாள். என் கை முதலில் சிவப்புத் துண்டுக்குத்தான் போனது. எடுத்தும் விட்டேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோதிக்கப்படுகிறவன் பார்க்கக் கூடாது என்று திரும்பி நின்றிருந்தார். என்னை அவ்வளவு நம்பினார். சிவப்பைத் திரும்பப் போட்டுவிட்டு, நேவி, கறுப்பு, கரும்பச்சை, கத்திரிப்பூ நிறம், மயில்நீலம், சாம்பல் நீலம் என்று ஆறு வைத்தேன்.

கலர்த் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து முதலாளியின் கையில் கொடுத்துவிட்டு வந்து நின்றார். ஒவ்வொன்றாகச் சொன்னார். கரும்பச்சையைக் கறுப்பு என்றார். கறுப்பை நேவி என்றார். கத்திரிப்பூ நிறத்தைப் பிரவுன் என்றார். மயில்நீலத்தைப் பச்சை என்றபோது செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். சாம்பல் நீலத்தை வெறும் சாம்பல் என்றார். கடைசித் துண்டை ரொம்ப நேரம் பார்த்து, "நேவி" என்றார். அது நேவிதான்.

"சொன்னாரு! சரியா சொன்னாரு பாருங்க!" முதலாளி என்னவோ ஜெயித்துவிட்ட மாதிரி எல்லோரையும் பார்த்தார்.

"அது குருட்டாம்போக்குல விழுந்தது மொதலாளி. அத கணக்குல சேர்க்கக் கூடாது. மேடம், கலைச்சு வைங்க."

கலைத்து வைத்தேன். இந்தத் தடவை ஒன்றுகூடச் சரியாக விழவில்லை.

ஸ்பிரே மெஷினை யாரோ நிறுத்தியிருந்தார்கள். முதலாளி கலர்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் வழியாகத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், நீங்க தினம் பக்கத்துலயே நிக்கறீங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும், இரண்டு வருஷமாகத் தெரியும், அந்தக் கார்டில் தோலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் நான்தான். இவ்வளவையும் சொல்ல ஒரு மூச்சு போதும். நான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது பாய் முந்திக்கொண்டார்.

"அவங்களுக்குத் தெரியாது. அவங்களையும் நான் ஏமாத்திட்டேன்."

கண்ணால் பார்க்காததை வாயால் சொல்லாத மனிதர். மழையைக்கூட நம்பாதவர். எனக்காக, எல்லோர் முன்னாலும், கொஞ்சமும் தடுமாறாமல் பொய் சொன்னார். சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். என் முகம் அவருக்கு நன்றாகவே தெரியும் தூரம்தான்.

"தெரியாது சார்" என்றேன்.

அன்று சாயங்காலமே அவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி சால்வை போட்டு அனுப்பினார். மெஷினின் உறையைக் கழற்றித் துடைத்து வைத்தார்கள். இப்போது மெஷின் பார்க்கிறது, கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். அவர் வீடு இருக்கிற தெரு என் பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கு வழி. நான் பெரிய ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

செல்வி வேலையில் இருக்கிறாள். மதியம் என்னோடுதான் சாப்பிடுவாள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பாயிடம் வந்து நிற்கும். அவர் அன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் தன் கதி என்ன ஆகியிருக்கும் என்பாள். பிறகு குழம்பை என் பக்கம் நகர்த்துவாள். "நீங்களும் பாவம் மேடம். இத்தினி வருஷம் கூடவே நின்னீங்க, உங்களையே ஏமாத்திட்டாரே" என்பாள்.

ஆமாம் செல்வி என்கிறேன். ஒவ்வொரு தடவையும்.